மாட்டேறும் துணைநிரலும்: ஜாவா பைட்குறிச் சரிபார்ப்பியின் எல்லைநிலைகள்

சென்னையிலிருந்து அரக்கோணம், புத்தூர் வழியாக வரும் இருப்புப்பாதையும், கூடூரிலிருந்து காளத்தி வழியாக வரும் பாதையும், குந்தக்கல்லிலிருந்து கடப்பை வழியாக வரும் பாதையும் ரேணிகுண்டாவில் கூடுகின்றன. அங்கிருந்து திருப்பதி வரை செல்லும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர்ப் பாதை மூன்று திசை வண்டிகளுக்கும் பொதுவானது. திருப்பதிக்குச் சென்று மீளும் வண்டி, தான் எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே ரேணிகுண்டாவில் பிரிய வேண்டும். எத்திசைக்குப் பிரிவது என்னும் செய்தி பொதுப்பாதையில் எங்கும் இல்லை; அது வண்டியோடு வருவது. வண்டிகள் ஓடாத நேரத்தில், தண்டவாள வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எந்த வண்டியும் வழிதவறாது என்று ஒருவர் உறுதிகூற வேண்டியிருந்தால் அவருக்கு நேரும் இடர்ப்பாடு எத்தகையது? முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்துள்ள இச்சந்திப்பு, கணினி மொழியியலில் நன்கறியப்பட்ட ஒரு சிக்கலை விளக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டாகிறது. ஜாவா பைட்குறியின் துணைநிரல்களைச் சரிபார்ப்பதில் எழுந்த சிக்கலே அது. மொழியியலார்க்கு அது புதியதன்று. தமிழ் இலக்கண மரபு அதனை மாட்டேறு என்னும் பெயரால் நெடுங்காலமாக அறிந்துள்ளது.

சரிபார்ப்பியின் பணி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல், நேரடியாக எந்திரமொழிக்கு மாற்றப்படுவதில்லை. நிரல்பெயர்ப்பி அதனைப் பைட்குறி என்னும் இடைமொழிக்குப் பெயர்க்கிறது. அவ்விடைமொழியை ஜாவா மெய்நிகர் எந்திரம் இயக்குகிறது. வலையின் வழியே முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வரும் பைட்குறியும் பயனரின் கணினியில் ஓடலாம் என்பது இம்மொழியின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. வருவது நேர்மையான நிரல்பெயர்ப்பியின் ஆக்கமா, கெடுநோக்குடன் கையால் திருத்தப்பட்டதா என்பதை எந்திரம் அறியாது. ஆகவே நிரலை ஓட்டுவதற்கு முன்பே அதனை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ ஓர் உறுப்பு தேவைப்பட்டது. அதுவே சரிபார்ப்பி. அதன் விதிகளை லிண்ட்ஹோம், யெலின் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட மெய்நிகர் எந்திர விவரக்குறிப்பு நூல் உரைநடையில் தொகுத்துரைத்தது.

சரிபார்ப்பி ஆராய்வது பொருளை அன்று, வடிவத்தை. ஒரு தொடர் உண்மையா பொய்யா என்று கேளாமல், அது இலக்கணத்திற்கு அமைந்ததா என்று மட்டும் நோக்கும் இலக்கணியின் நிலை அதற்கு உரியது. முழுஎண்ணைக் கூட்டும் கட்டளைக்கு முழுஎண்ணே வருகிறதா, பொருளைக் கையாளும் கட்டளைக்குப் பொருளே வருகிறதா என்பதை ஒவ்வொரு கட்டளையிலும் அது பார்க்கிறது. இதற்காக ஒவ்வோர் உள்மாறியும் அவ்விடத்தில் எத்தரவினத்தைக் கொண்டிருக்கும் என்பதைக் கணித்துக்கொண்டே செல்கிறது.

இரு வழிகள் ஓரிடத்தில் கூடும்போது கணிப்புகளை இணைக்க வேண்டியுள்ளது. ஒரு வழியில் மூன்றாம் மாறி முழுஎண்ணையும் மற்றொரு வழியில் ஒரு பொருளையும் கொண்டிருந்தால், கூடுமிடத்தில் அம்மாறி 'பயன்படுத்தலாகாதது' என்று குறிக்கப்படும். தமிழில் இதற்கு இணையான நிலை உண்டு. 'அவனோ அவளோ' என்னும் எழுவாய்க்குப் பின் வந்தான் என்றோ வந்தாள் என்றோ முடிக்க இயலாது. பால் காட்டும் விகுதியை வேண்டாத 'வந்திருக்கலாம்' என்னும் முடிபே இயல்பாகப் பொருந்தும். இணைப்பினால் பால் பற்றிய செய்தி இழக்கப்பட்டுவிட்டது. அச்செய்தியை வேண்டும் பயனிலை அங்கே வரலாகாது. சரிபார்ப்பியின் இணைப்பும் இவ்வாறு செய்தியை இழக்கும் இணைப்பே. இவ்விழப்பு பெரும்பாலான இடங்களில் தீங்கற்றது. துணைநிரல் வரும் இடத்தில்தான் அது இடராகிறது.

துணைநிரல் என்னும் மாட்டேறு

ஜாவாவில் ஒரு பணியை முயலும் பகுதியை அடுத்து, 'ஃபைனலி' என்னும் சொல்லால் தொடங்கும் பகுதியை எழுதலாம். முயற்சி இயல்பாக முடிந்தாலும், இடையிலேயே விடையோடு வெளியேறினாலும், பிழை நேர்ந்து முறிந்தாலும் அப்பகுதி இயங்கியாக வேண்டும். திறந்த கோப்பை மூடுதல் போன்ற பணிகள் அங்கே எழுதப்படும். ஒரே பகுதிக்கு இவ்வாறு மூன்று வாயில்கள் அமைகின்றன. அதனை மூன்று முறை எழுதுவதற்கு மாற்றாக, ஒருமுறை எழுதிவைத்து மூன்று இடங்களிலிருந்தும் அங்கே சென்று மீளும்படி பழைய நிரல்பெயர்ப்பிகள் அமைத்தன. செல்வதற்கு ஜே.எஸ்.ஆர். என்னும் கட்டளை, மீள்வதற்கு ரெட் என்னும் கட்டளை. முன்னது, மீள வேண்டிய இடத்தின் முகவரியை அடுக்கின்மேல் வைத்துவிட்டுத் தாவுகிறது. துணைநிரல் அதனை ஓர் உள்மாறியில் சேமித்துக்கொள்கிறது. பின்னது அம்மாறியைப் பார்த்து மீள்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். ஜாவாவில் ஒரு வழிமுறையை அழைக்கும்போது, அழைக்கப்பட்டதற்குத் தனிச்சட்டகமும் தனிமாறிகளும் கிடைக்கின்றன. துணைநிரலுக்கு அவ்வாறு இல்லை. அழைத்தவரின் மாறிகளையே அதுவும் பயன்படுத்துகிறது. அது தொடாத மாறிகளோ அழைத்தவருக்காகக் காத்திருக்கின்றன. வாடகை வீட்டிற்குச் சென்று தங்குதல் போன்றது முன்னது. உறவினர் வீட்டில் அவர்கள் பெட்டிகளுக்கிடையே தங்குதல் போன்றது பின்னது.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலைக் கற்றோர்க்கு இவ்வமைப்பு வியப்பளிக்காது. அகர ஈற்றுப் பெயர் வல்லெழுத்து முதன்மொழியோடு புணரும் நிலையைக் கூறிய ஆசிரியர், ஆகார ஈற்றுக்கு அதனை மீண்டும் விரித்துரைக்கவில்லை; அகர ஈற்றின் இயல்பே இதற்கும் என்று சுட்டி அமைகிறார். விள என்பதன்முன் விளக்குறிது என வல்லெழுத்து மிகுவதுபோலத் தாரா என்பதன்முன் தாராக்கடிது என மிகும். வேற்றுமைப் புணர்ச்சியிலும் நிலை அதுவே என்று கூறும் நூற்பா, ஒரே சொல்லுருவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈறுகளின்கீழ் வருகிறது. அதிலுள்ள சுட்டுப்பெயர் எதனைச் சுட்டுகிறது என்பதை அந்நூற்பாவை மட்டும் தனியே எடுத்து நோக்கி அறிய இயலாது. எந்த ஈற்றின்கீழ் நின்று அது படிக்கப்படுகிறது என்பதே பொருளை வரையறுக்கிறது. நன்னூல் தன் உத்திகளுள் ஒன்றாக மாட்டெறிந்தொழுகலைக் குறிப்பதும் வடமொழி இலக்கணத்தார் அதிதேசம் என்பதும் இவ்வகைச் சுருக்கங்களையே.

மாட்டேற்றின் இடர்ப்பாடு சுருக்கத்தில் இல்லை. எவை உடன்செல்லும், எவை செல்லா என்பதில் உள்ளது. அகர ஈற்றின்கீழ்க் கூறப்பட்ட விலக்குகளும் ஆகார ஈற்றிற்குச் செல்லுமா? பலா என்பது கோடு என்பதோடு வேற்றுமையிற் புணரும்போது பலாஅக்கோடு என்றாகும். வல்லெழுத்து மிகுதல் மாட்டேற்றால் வந்தது. இடையில் தோன்றும் அகரம் ஆகார ஈற்றின் சொந்த விதியால் வந்தது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒவ்வோர் ஈற்றிலும் எடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்தி உரைப்பதன் பயன்களுள் ஒன்று இவ்வெல்லையைக் காட்டுவதாகும். சரிபார்ப்பியும் இவ்வுரையாசிரியரின் பணியையே செய்ய வேண்டியிருந்தது. ஆனால் எடுத்துக்காட்டுகளின் துணையின்றி.

தொட்டதும் தொடாததும்

மூன்று இடங்களிலிருந்து அழைக்கப்படும் துணைநிரலின் வாயிலில் மூன்று கணிப்புகள் கூடுகின்றன. மூன்றாம் மாறி ஓரிடத்தில் முழுஎண், ஓரிடத்தில் பொருள், ஓரிடத்தில் வெறுமை எனில் இணைப்பின் பயன் 'பயன்படுத்தலாகாதது'. துணைநிரல் அம்மாறியைத் தொடவே இல்லை என்றாலும், மீளும்போது மூன்று அழைப்பிடங்களுக்கும் அக்குறியே சென்றால், நேர்மையான நிரல்களும் மறுக்கப்படும். ஓட்டத்தில் நிகழ்வதோ வேறு: வண்டி எந்தப் பெட்டிகளோடு சென்றதோ அவற்றோடே மீள்கிறது.

சன் நிறுவனத்தாரின் தீர்வு எளியது. துணைநிரலுக்குள் எம்மாறிகள் கையாளப்பட்டன என்று ஒரு பட்டியல் வைக்கப்பட்டது. மீளும்போது, பட்டியலில் உள்ள மாறிக்கு ரெட் கட்டளையிடத்து இருந்த இனமும், பட்டியலில் இல்லாத மாறிக்கு அழைத்த இடத்தில் இருந்த இனமும் கொள்ளப்பட்டன. இதனோடு சில தடைகளும் சேர்க்கப்பட்டன. துணைநிரல் தன்னைத்தானே நேராகவோ சுற்றியோ அழைக்கலாகாது. ஒருமுறை மீண்ட முகவரிக்கு மறுமுறை மீளலாகாது. மாறியில் இட்ட முகவரியை மீண்டும் அடுக்கிற்கு எடுக்கலாகாது. இரு வேறு துணைநிரல்கள் ஒரே ரெட் கட்டளையில் வந்து கூடலாகாது. ஆயினும் ஒரு துணைநிரல் எங்கே முடிகிறது என்பதைக் குறிக்கும் அடையாளம் எதுவும் பைட்குறியில் வைக்கப்படவில்லை. எல்லைநிலைகள் பலவற்றுக்கும் வேர் இவ்விடுபாடே எனலாம். தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது. நிறுத்தக்குறியற்ற ஓலைச்சுவடியில் எச்சம் எங்கே முடிகிறது என்று தேடுவோரின் நிலை இது.

துணைநிரல் மீளாமலே போகலாம் என்பது இத்தகைய நிலைகளுள் ஒன்று. ஃபைனலி பகுதிக்குள்ளேயே வெளியேறும் கட்டளையோ மடக்கை முறிக்கும் கட்டளையோ இருந்தால் ரெட் கட்டளைக்கு வேலையில்லை. ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கு வந்த வண்டி, மீளாமல் பாகாலை வழியாகக் காட்பாடிக்குச் செல்வதை ஒக்கும் இது. அப்போது அழைப்பிடத்தை அடுத்துள்ள கட்டளை ஒருபோதும் அடையப்படாதது. அதனைச் சரிபார்ப்பதா விடுவதா? துணைநிரலுக்குள் துணைநிரல் அமைந்து, உள்ளிருப்பது இடைநிலையைக் கடந்து புறத்தே உள்ள அழைப்பிடத்திற்கே நேராக மீள்வதும் ஏற்கப்பட்டிருந்தது. பிழை நேர்ந்து துணைநிரலின் நடுவிலிருந்து தாவும்போது, தாவிச் சென்ற இடம் அத்துணைநிரலைச் சேர்ந்ததா புறத்ததா என்பதற்கும் தெளிவான விடை இல்லை.

'தொட்டது' என்னும் கருத்தே போதுமான நுட்பம் உடையதன்று என்பதை ராபர்ட் ஸ்டார்க், யோவாகிம் ஷ்மிட் ஆகியோர் 2001இல் ஒரு சிறு நிரலைக் கொண்டு காட்டினர். அந்நிரலின் அமைப்பைப் பின்வருமாறு உரைக்கலாம். க என்னும் எண்மாறிக்குத் தொடக்கத்தில் மதிப்பு இல்லை. முயற்சிப் பகுதியில், ப என்னும் நிபந்தனை மெய்யானால் 1 என்னும் விடையோடு வெளியேற வேண்டும். அன்றேல் க-வில் 2 இடப்படும். ஃபைனலி பகுதியில், ப மெய்யானால் க-வில் 3 இடப்படும். அதன்பின் க விடையாகத் தரப்படும். ஜாவா மொழியின் இலக்கணப்படி இதில் குற்றமில்லை. கடைசி வரியை அடையும் ஒரே வழியில் க நிச்சயமாக மதிப்புப் பெற்றிருக்கிறது. ஆனால் துணைநிரலின் வாயிலில், வெளியேறும் வழியில் வந்த மதிப்பற்ற க-வும் இயல்பான வழியில் வந்த எண்ணான க-வும் கூடி 'பயன்படுத்தலாகாதது' ஆகின்றன. உள்ளே ஒரு கிளையில் க தொடப்படுகிறது. மறு கிளையில் தொடப்படவில்லை. ஒரு கிளையில் தொட்டாலும் அது தொட்டதே என்று பட்டியல் கொள்வதால், அழைத்தவரின் க மீட்டுத் தரப்படுவதில்லை. ரெட் கட்டளையிடத்து உள்ள பயனற்ற குறியே இயல்பான வழிக்கும் செல்கிறது. கடைசி வரி மறுக்கப்படுகிறது. நிரல்பெயர்ப்பி ஏற்றதைச் சரிபார்ப்பி மறுத்தது. ஒரே மொழியின் இரண்டு இலக்கணிகள் முரண்பட்டனர். ஸ்டார்க்கும் ஷ்மிட்டும் சரிபார்ப்பியைத் திருத்துவதைவிட மூலமொழியின் விதியைச் சற்று இறுக்குவதே தக்கது என்று கருதினர். துணைநிரலின் பொருட்டு மொழியையே மாற்றுவது ஏற்புடைய முடிவா என்பது வினாவிற்குரியது.

மேற்கண்ட நிலையில் நேர்மையான நிரல் தண்டிக்கப்பட்டது. இதனினும் கொடியது, நேர்மையற்ற நிரல் தப்புவது. ஸ்டீபன் ஃப்ராயண்டும் ஜான் மிட்செலும் 1998இல் சன் நிறுவனத்தின் 1.1.4 பதிப்புச் சரிபார்ப்பியில் அத்தகைய ஓட்டையைக் கண்டறிந்தனர். ஜாவாவில் புதிதாக ஆக்கப்பட்ட பொருள், தொடக்கச் செயல் முடியும்வரை பயன்படுத்தத் தக்கதன்று. தொடங்கப்படாத பொருளைச் சரிபார்ப்பி, அதனை ஆக்கிய கட்டளை எங்கே உள்ளது என்பதைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஆக்கும் கட்டளை துணைநிரலுக்குள் இருந்து, துணைநிரல் இருமுறை அழைக்கப்பட்டால், இரு பொருள்கள் பிறக்கின்றன, அடையாளமோ ஒன்றே. ஒன்றைத் தொடங்கியவுடன் அவ்வடையாளம் பெற்ற அனைத்தும் தொடங்கப்பட்டனவாக எண்ணப்படுகின்றன. தொடரியலில் இரு பெயர்த்தொடர்களுக்கு ஒரே சுட்டெண்ணை இட்டுவிட்டு, அவை இருவேறு ஆட்களைக் குறிப்பதை மறந்துவிடுவது போன்ற பிழை இது. மொழியியல் கட்டுரையில் இப்பிழை ஒரு தவறான மரவரைபடத்தோடு முடியும். இங்கோ தொடங்கப்படாத பொருள் ஒன்று தொடங்கப்பட்டது என்ற சான்றோடு எந்திரத்திற்குள் நுழைந்துவிடும்.

சுட்டும் விரித்தலும்

இவ்வெல்லைநிலைகளுக்குத் தீர்வு தேடிய ஆய்வுகள் சில ஆண்டுகளுக்குள் பெருகின. ரேமி ஸ்டாட்டா, மார்ட்டின் அபாடி ஆகியோர் 1998இல் துணைநிரல்களுக்கு முறையான இனக்கோட்பாட்டை வகுத்தனர். தொடாத மாறி எவ்வினத்ததாகவும் இருக்கலாம் என்னும் பல்வடிவ நிலையை விதிகளாக எழுதியமை அவர்களின் பங்களிப்பு. மொழியியலாரின் நோக்கில் இதனினும் சுவையானது, மசாமி ஹகியாவும் அகிஹிகோ டொசாவாவும் அதே ஆண்டில் முன்வைத்த முறை. துணைநிரலுக்குள் ஒரு மாறியின் இனத்தை முழுஎண் என்றோ பொருள் என்றோ கூறாமல், 'அழைத்த இடத்தில் இன்ன மாறிக்கு எவ்வினமோ அவ்வினம்' என்று கூறும் ஒரு புதிய இனத்தை அவர்கள் ஆக்கினர். மீளும்போது அச்சுட்டு அழைப்பிடத்திற்கேற்பப் பொருள் பெறும். க என்னும் மாறி துணைநிரலின் ஒரு கிளையில் மாறாதிருந்தால் அங்கே அது சுட்டாகவே நிற்கும். உயிர்மயங்கியலின் சுட்டுப்பெயர் செய்யும் பணியை இங்கு ஓர் இனப்பெயர் செய்கிறது.

அலெஸ்ஸாண்ட்ரோ கோலியோ 2000களின் தொடக்கத்தில் முன்மொழிந்தது வேறு வழி. இணைப்பதால் அன்றோ செய்தி இழக்கப்படுகிறது? ஆகவே இணைக்காமல், ஓரிடத்தில் வரக்கூடிய கணிப்புகள் அனைத்தையும் ஒரு தொகுதியாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே கடத்திச் செல்லலாம் என்றார். மூன்று திசை வண்டிகளையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது இது. பணி மிகும், ஆயினும் துணைநிரலின் முடிவைத் தேட வேண்டிய தேவையே எழாது. சேவியர் லெராய் 2003இல் எழுதிய விரிவான மதிப்பீட்டுக் கட்டுரை இம்முறைகளை ஒப்பிட்டு நோக்குகிறது.

நடைமுறையில் வென்றது இவற்றுள் எதுவும் அன்று. துணைநிரலால் மிச்சமாகும் இடம் மிகச் சிறிது என்பதை ஃப்ராயண்ட் 1998இலேயே காட்டியிருந்தார். இத்துணைச் சிறு சிக்கனத்திற்காக இத்துணைக் கோட்பாடு தேவையா என்னும் ஐயம் இயல்பானதே. பின்னாளைய நிரல்பெயர்ப்பிகள் ஃபைனலி பகுதியை ஒவ்வொரு வாயிலிலும் படியெடுத்து எழுதத் தொடங்கின. 2006இல் வந்த ஆறாம் பதிப்பில், கணிப்புகளை நிரல்பெயர்ப்பியே அட்டவணையாக எழுதித் தரவும் சரிபார்ப்பி அவற்றை ஒப்பிட்டு மட்டும் பார்க்கவும் வழிசெய்யப்பட்டது. 2011இல் வெளியான ஏழாம் பதிப்பின் கோப்புகளில், அதாவது 51ஆம் எண்ணுடைய வகுப்புக் கோப்புகளில், ஜே.எஸ்.ஆர்., ரெட் ஆகிய கட்டளைகள் விலக்கப்பட்டன. சூத்திரத்தின் சுருக்கத்தை விடுத்து உரையின் விரிவை ஏற்றதற்கு ஒப்பானது இம்மாற்றம். தொல்காப்பியர்க்கு மனனம் கருதிய சுருக்கம் தேவைப்பட்டது. எந்திரத்திற்கு அத்தேவை இல்லை.

மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கு

இப்பொருள் பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர் மூன்று இடங்களில் கவனம் கொள்ளல் வேண்டும். துணைநிரல் என்னும் சொல் தமிழ்க் கணினி நூல்களில் அழைக்கப்படும் எந்தப் பகுதிக்கும் பொதுவாக வழங்குகிறது. மெய்நிகர் எந்திரம் பற்றிய நூலில் அவ்வழக்கு பொருந்தாது. தனிச்சட்டகம் உடையது வழிமுறை. அழைத்தவரின் சட்டகத்தில் இயங்குவது துணைநிரல். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், தொடாத மாறி என்பதே பொருளற்றதாகிவிடும். தனிமாறிகள் உடைய வழிமுறை அழைத்தவரின் உள்மாறியைத் தொட வழியேது?

மீளும் இடத்தின் முகவரியைத் 'திரும்புமுகவரி' என்று பெயர்ப்பதும் காணப்படுகிறது. வினைத்தொகையாகிய இச்சொல், முகவரியே திரும்புகிறது என்றும், திரும்புவதற்குரிய முகவரி என்றும் இருபொருள்பட நிற்கும். பொதுநூல்களில் இம்மயக்கம் தீங்கற்றது. சரிபார்ப்பியிலோ இம்முகவரி ஒரு தரவினம். அதனை எடுத்தல், இடுதல் பற்றிய தடைகள் அதன்மேல் உள்ளன. முகவரியே திரும்பலாமா கூடாதா என்பதே விதியாக வருகிறது. 'மீள்விட முகவரி' எனில் மயக்கம் நீங்கும்.

ஃபைனலி என்பதை 'இறுதியாக' என்று பெயர்க்கும் வழக்கு இம்மூன்றனுள் மிகுதியாகப் பிறழ உணர்த்துவது. இறுதியாக என்பது காலவரிசையைச் சுட்டும் சொல். அப்பகுதி நிரலின் இறுதியில் இயங்குவதன்று. முயற்சி எவ்வகையில் முடிந்தாலும் இயங்குவது. தமிழில் அப்பொருளைத் தருவது உம்மை ஏற்ற நிபந்தனை எச்சம்: 'எது நேரினும்'. மூன்று வாயில்கள் எங்கிருந்து வந்தன என்பதை 'இறுதியாக' என்னும் சொல் மறைக்கிறது. 'எது நேரினும்' என்பது வெளிப்படையாகக் காட்டுகிறது. ஊர்ப்பெயர் ஒன்று இதற்குத் துணையாக நினைவுக்கு வருகிறது. தெலுங்கில் ஒலிப்பிலா டகரத்தோடும் குற்றுயிரோடும் முடியும் பெயர், உரோம எழுத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது ரேணிகுண்டா என நெட்டுயிரும் ஒலிப்புடை டகரமும் பெற்றது போலும். குட்டையைக் குறிக்கும் அச்சொல்லின் பொருள் தமிழ்ப் படிப்போர்க்கு இன்று புலப்படுவதில்லை. இடைநின்ற ஒரு மொழி தொட்ட மாறி, தொடாத மாறியாக மீள்வதில்லை.

49ஆம் எண்ணும் அதற்கு முற்பட்டனவும் ஆகிய வகுப்புக் கோப்புகள் பழைய முறையிலேயே சரிபார்க்கப்படுகின்றன. எனவே மெய்நிகர் எந்திர விவரக்குறிப்பின் நான்காம் இயலைத் தமிழாக்குவோர்க்கு இரு சரிபார்ப்பு முறைகளுக்கும் இரு பெயர்கள் வேண்டும். அட்டவணையை ஒப்பிடுவதனை இனச் சரிபார்ப்பு என்றும், தானே கணித்தறியும் பழைய முறையை இன உய்த்துணர்வு என்றும் வழங்கலாம். துணைநிரல் பற்றிய விதிகள் பின்னதன்கீழ் மட்டுமே இடம்பெறும்.